நாலாவது நட்சத்திரம்

"கையைத் தூக்குங்க, சாப்" என்றார் மஸ்தான் பாய், பல்லிடுக்கில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே. லெப்டினன்ட் ஜெனரல் பால்துரை கையைத் தூக்கினார். தென்பாதித் தேசத்தின் பட்டாளம் பூராவும் இந்த மனுஷன் ஒரு வார்த்தை சொன்னால் எழுந்து நிற்கும். ஆனால் தையல்காரர் முன்னால் எந்தக் கொம்பனும் கையைத் தூக்கித்தான் ஆகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை, புனே கண்டோன்மென்ட் பங்களாவில் படுக்கையறை, ஆளுயரக் கண்ணாடி, வெளியே விட்டுவிட்டுத் தூறல். உடம்பில் பாதி தைத்த கோட்டு. ஒரு கை ஒழுங்காக இருக்கிறது, இன்னொன்று வெள்ளை நூல் ஓட்டத்தில் தொங்குகிறது. அது கிடக்கட்டும், அந்தக் கழுத்துப் பட்டையைத்தான் அவரால் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. சிவப்புப் பட்டையில் தங்க நட்சத்திரம் மூன்று, அதற்கு மேலே இன்னொன்று. அவருக்கு உரியது மூன்றுதான். தரைப்படையில் நாலு நட்சத்திரம் குத்திக்கொள்ள ஒரே ஒரு ஆளுக்குத்தான் பாத்தியதை உண்டு, தலைமைத் தளபதிக்கு. இப்போது இருப்பவர் மாசக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அடுத்தவர் யாரென்று தலைநகரம் இன்னும் வாயைத் திறக்கவில்லை. வரிசைப்படி மூத்தவர் பால்துரை, மூத்தவருக்கே கொடுப்பது வழக்கம், அதனால் வரும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். வரும் வரும் என்கிறார்களே தவிர, வந்துவிட்டது என்று சொல்ல ஒரு போன் மணி அடிக்கமாட்டேன் என்கிறது.

இந்தக் கோட்டு அவர் கேட்டதல்ல. எல்லாம் மனைவி ரோஸ்லின் வேலை. "அறிவிப்பு வந்தப்புறம் துணி வெட்டினா எப்ப முடிக்கிறது அத்தான்? பதவி ஏத்துக்கிற அன்னைக்குத் தொளதொளன்னு நிக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு, அவரிடம் சொல்லாமலே மஸ்தான் பாய்க்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். மஸ்தான் பாய் ஆம்பூர்க்காரர், அப்பா காலத்திலேயே பட்டாளத்தோடு வந்து இங்கே கடை போட்ட குடும்பம். கண்டோன்மென்ட்டில் யாருக்குப் பதவி உயர்வு என்று மந்திரிக்கு முன்னால் தையல்காரருக்குத் தெரியும் என்பார்கள், ஏனென்றால் எல்லா வீட்டு அம்மாவும் ரோஸ்லின்தான், எல்லோருக்கும் அதே அவசரம்தான். அளவு பார்க்க வந்தவர் பட்டையையும் தைத்தே கொண்டுவந்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் பாய் கோட்டைப் பின்னாலிருந்து விரித்துப் பிடித்தபோது கை தானாக உள்ளே போய்விட்டது, அதற்கு யார் என்ன செய்வது. தன் கையே தன் பேச்சைக் கேட்கவில்லையே என்று அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. தனக்கில்லாத பதவிச் சின்னத்தைப் போட்டுக்கொள்வது பட்டாளத்தில் குற்றம். இதற்காக அவரே ஒருத்தனைத் தண்டித்திருக்கிறார். கம்பெனிக் கமாண்டராக இருந்த காலம், ஆறுமுகநேரிப் பக்கத்துப் பையன், நாயக், ஹவில்தாருக்கு ஒரு படி கீழே, பேர் வாயில் வரமாட்டேன் என்கிறது, லீவில் போனவன் ஹவில்தார் பட்டையை இரவல் வாங்கிக் குத்திக்கொண்டு ஸ்டூடியோவில் போட்டோ எடுத்து, கட்டிக்கப்போகிற பெண்வீட்டுக்கு அனுப்பிவிட்டான். பெண்ணின் மாமன் நிஜ ஹவில்தார், அவன் கொண்டுவந்து மேஜையில் வைத்தான் அந்தப் போட்டோவை. பையன் அட்டென்ஷனில் நின்றுகொண்டு, "சாப், எப்படியும் அடுத்த வருஷம் வந்திரும், அதான் சாப்" என்றான். அடுத்த வருஷம் வரும் என்பதற்காக இந்த வருஷம் போட்டுக்கொள்ளலாமா என்று எப்படிக் கத்தினோம், கூடாரமே அதிர்ந்ததே. இப்போது கண்ணாடியில் நிற்பவனைப் பார்த்து யார் கத்துவது.

"மூச்சை விடுங்க சாப். வயித்த உள்ள இழுத்தீங்கன்னா அப்புறம் பட்டன் நிக்காது" என்றார் மஸ்தான் பாய். இழுத்துத்தான் வைத்திருந்தார், தெரியாமலே. விட்டார். அம்பத்தெட்டு வயசு வயிறு இளைப்பாறிக்கொண்டு முன்னால் வந்தது. போன் அந்தப் பக்கம் முக்காலியில் கறுப்பாகக் கிடக்கிறது. அதை ரோஸ்லின் காலையில் துடைத்திருக்கிறாள், இல்லாவிட்டால் இப்படிப் பளபளக்காது. அவளும் கோவிலுக்குப் போகவில்லை, கேட்டால் முழங்கால் வலி என்கிறாள். பக்கத்து அறையில் துணி மடிக்கிற சத்தம் கேட்கிறது, ஒரே சேலையை எத்தனை தடவை மடிப்பாளோ. இந்நேரம் பாதிரியார் பிரசங்கத்தை முடித்திருப்பார், அந்த இரண்டு பேரும் எங்கே என்று முன் வரிசையை எட்டிப் பார்த்திருப்பார், பார்த்துவிட்டு, ஓகோ, போனுக்குக் காத்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டிருப்பார். ஊருக்கே தெரியும். அதுதான் பெரிய கண்றாவி. ஒரு மனுஷன் ஆசைப்படுவது ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டால் அப்புறம் அவன் நிம்மதியாகத் தும்மக்கூட முடியாது. தனக்கு ஆசையில்லை, கொடுத்தால் செய்வோம், கொடுக்காவிட்டால் சொந்த ஊரான நாசரேத்துக்குப் போய்த் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுவோம் என்று கிளப்பில் நாலு பேருக்கு முன்னால் சொன்னாரே, எவ்வளவு அழகாகச் சொன்னார், அவரே நம்பிவிட்டார். பொய். ஆசைதான். வயிற்றைக் கிள்ளுகிற ஆசை.

தலைமையகத்தின் நீண்ட தாழ்வாரத்தில் இதுவரை தளபதியாக இருந்தவர்களின் படங்கள் வரிசையாகத் தொங்கும். கேப்டனாக ஏதோ கோப்பைத் தூக்கிக்கொண்டு முதல்முதலில் அங்கே நடந்தபோது தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டே போனார், யாரும் சொல்லவில்லை. முதலில் எல்லாம் வெள்ளைக்காரர்கள், கன்னத்து மீசையும் மாரில் பதக்கக் குப்பையுமாக. ஜங்கி லாட் என்பார்கள் அந்தக் காலத்தில், சண்டைக்கு லாட் துரை. வைஸ்ராய்க்கு அடுத்தபடி அவர்தான். அப்பா அந்த லாட் வீட்டில்தான் சாப்பாட்டு மேஜைக்குப் பரிமாறினவர். தேவசகாயம் என்று பேர், வெள்ளைக்காரன் வாயில் நுழையாமல் டேவிட் ஆனது. அப்பா ஊருக்கு வந்தால் லாட் வீட்டுக் கதைதான். சூப்புக்கு ஒரு கரண்டி, மீனுக்கு ஒரு கத்தி, யாருக்கு இடப்பக்கம் நின்று வைப்பது, யார் பேசும்போது தட்டை எடுக்கக்கூடாது. அப்பாவுக்கு முந்தின தலைமுறைப் பரிமாறுபவர்கள் சொன்ன கதையும் வரும். ஒரு லாட் வைஸ்ராயோடேயே மல்லுக்கட்டி, நீயா நானா பார்த்துவிடலாம் என்று நின்று, கடைசியில் வைஸ்ராய்தான் மூட்டை கட்டினாராம். "பட்டாளம் யார் கையில இருக்கோ அவன்தாம்ல ராசா" என்பார் அப்பா, கண்ணை விரித்துக்கொண்டு. அந்த வீட்டின் உயரமான கதவையும் மாடிப்படியையும் அவர் சொல்லிச் சொல்லி, பார்க்காமலே பால்துரைக்கு அது பழக்கமான வீடு. சுதந்திரம் வந்து ஒன்றரை வருஷம் கழிந்துதான் நம்ம ஆள் ஒருத்தர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்குள் அந்த வீடு கைமாறிவிட்டது, தளபதி இருந்த மாளிகையில் பிரதம மந்திரி குடியேறினார். அப்புறம் சில வருஷத்தில் பட்டத்தையும் மாற்றினார்கள். சேனாதிபதி என்கிற பேர் போய் சீஃப் ஆஃப் ஸ்டாஃப், அதாவது ஊழியர்களுக்குத் தலைவர் என்று ஆனது, மூன்று படைக்கும் மேலே ஜனாதிபதி. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "வீட்டையும் புடுங்கிட்டாங்க, பேரையும் புடுங்கிட்டாங்க, பொறவு என்னத்துக்குல தளபதி?" என்று கேட்டார். அப்போது பால்துரைக்குப் பதில் தெரியவில்லை. கேட்டவர் போயும் போய்விட்டார்.

பதில் பின்னால் தெரிந்தது, கொஞ்சம் கொஞ்சமாக. அக்கம்பக்கத்து நாடுகளில் ஒவ்வொரு தளபதியாக விடியற்காலையில் டாங்கியை ரேடியோ நிலையத்துக்கு அனுப்பி, அருமை மக்களே என்று ஆரம்பித்தபோது, இங்கே நம்ம தளபதி காலையில் சவரம் செய்துகொண்டு, கோப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கதர்ச்சட்டை போட்ட ஒரு மந்திரியின் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். மந்திரி வெற்றிலை போட்டு முடிக்கிறவரைக்கும் உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்து மெஸ்ஸில் பொருமாத ஆள் கிடையாது. இவரும் பொருமியிருக்கிறார். ஆனால் அந்த உட்கார்ந்திருப்பதுதான் அந்த வேலை என்று ஒருநாள் உறைத்தது. வைஸ்ராயை விரட்டின லாட் எல்லாம் படத்தில் மீசையை முறுக்கட்டும், இத்தனை லட்சம் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மரப்பெஞ்சில் வாயைப் பொத்தி உட்கார்ந்திருக்க எவ்வளவு தெம்பு வேண்டும். மஸ்தான் பாய் முதுகுப் பக்கம் போய்விட்டார். அவருடைய விரல் கழுத்தெலும்பில் பட்டதும் சில்லென்றது. சரி, உனக்கு உட்காரத் தெரியுமா பால்துரை? உன்னைத் தாண்டி இன்னொருத்தனுக்குக் கொடுத்தால்? வழக்கம் என்பது சட்டமில்லை. முன்னேயும் மூத்தவரைத் தாண்டியிருக்கிறார்கள். தாண்டப்பட்டவர்கள் அன்றைக்கே ராஜினாமா எழுதினார்கள், மரியாதையான மனுஷர்கள், கூட இருந்தவர்கள் கண்ணீர்விட்டார்கள். தங்கிப்போனவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவருக்கு அடுத்து நிற்பவன் கிர்பால் சிங். வேறு யாராவது இருந்திருக்கக்கூடாதா. யாரோ ஒரு தடியன் இருந்தால் வெறுத்துவிட்டுப் போகலாம். கிர்பாலை எப்படி வெறுப்பது. மதராஸ் பட்டாளத்துக்கு அதிகாரியாக வருகிற எவனும் ஜவான்களின் தமிழைப் படிக்கவேண்டும் என்பது விதி, அந்தச் சர்தார் பையன் லங்கரில், பட்டாளச் சமையற்கூடத்து அடுப்படியில் உட்கார்ந்து சமையல்காரர்களிடம் படித்தான். அதனால் அவன் தமிழில் மரியாதை என்கிற சரக்கே கிடையாது. பிரிகேடியரைக்கூட "சார், நீ வா" என்பான். சண்டையில் ஒரு ராத்திரி, நெல் வயல் சகதியில், பால்துரையின் தொடையில் குண்டு துளைத்தபோது, "சார், நீ செத்தா நான் உன்னைக் கொன்னுடுவேன்" என்று திட்டிக்கொண்டே தோளில் தூக்கி நடந்தவன். அவன் தலைப்பாகைத் துணியைக் கிழித்துக் கட்டின கட்டு அது. அந்தக் காலில்தான் இப்போதும் நிற்கிறார்.

"அத்தான், காபி" என்று ரோஸ்லின் கதவண்டை வந்தாள். வந்தவள் கோட்டைப் பார்த்ததும் தம்ளரைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். முகம் அப்படியே கல்யாணப் பெண் மாதிரி ஆகிவிட்டது. முப்பது வருஷமாக டிரங்குப் பெட்டியும் கையுமாக எத்தனை ஊர், எத்தனை ஒழுகுகிற கூரை, இரண்டு பிள்ளையையும் அவர் பக்கத்தில் இல்லாமலேதான் பெற்றாள். ஊரில் தங்கையா மகள் என்று அப்பன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் இனிமேல் தளபதி வீட்டம்மா என்பார்கள். அவளுக்காகவாவது வரட்டுமே. "ஏ, அழுதுகிழுது வைக்காத, இன்னும் ஒண்ணும் வரல" என்றார். "வராம எங்க போகும்? நான் ஜெபம் பண்ணியிருக்கேன்" என்றாள். அவளுடைய ஜெபத்தை நினைத்து அவருக்குப் பயம் வந்தது. கேட்டது கிடைக்காவிட்டால் கர்த்தரோடு இவள் எத்தனை மாசம் பேசமாட்டாளோ. அப்போதுதான் போன் அடித்தது.

மஸ்தான் பாய் விலகிக்கொண்டார். பால்துரை கை தொங்குகிற கோட்டோடு முக்காலிக்குப் போனார். ரோஸ்லின் தம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு இரண்டு கையையும் கோத்துக்கொண்டாள்.

"சார், கிர்பால்."

"என்னலே, ஞாயித்துக்கிழமை அதுவுமா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவனுக்குப் பேச்சு நிற்பது என்பது நடக்காத காரியம். பால்துரைக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. காதுக்குள் மழைச் சத்தமா போன் இரைச்சலா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"சார், மந்திரி ஆளு பேசினான். என்னை எடுத்துக்கச் சொல்றான். சாயங்காலத்துக்குள்ள பதில் வேணுமாம்."

"ஓ."

"நான் கேட்கலை சார். சத்தியமா கேட்கலை. யாரையும் போய்ப் பார்க்கலை."

"தெரியும்லே. எனக்குத் தெரியாதா."

"சார், நீ வேணாம்னு சொல்லு. நான் அவங்கிட்ட முடியாதுன்னு சொல்லிடறேன். மூத்தவன் இருக்கறப்ப எனக்கு வேணாம்னு சொல்றேன். அப்புறம் என்ன பண்ணுவான்? உனக்குத்தான் வந்தாகணும். நீ ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

ரோஸ்லினுக்குக் கேட்டுவிட்டது. கிர்பால் எப்போதுமே போனில் கத்துகிறவன். அவள் பக்கத்தில் வந்து அவர் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லுங்க" என்றாள் உதட்டசைவில். அப்புறம் குரலாகவே, "சொல்லுங்க அத்தான். அவர்தானே சொல்லுதாரு. நாமளா கேட்டோம்?" என்றாள். நாமா கேட்டோம். கேட்கவில்லைதான். தானாக வந்து கையில் விழுகிறது. ஒரே வார்த்தை. கிர்பால் முடியாது என்பான், தலைநகரத்தில் கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், பத்திரிகைக்காரன் ஏதாவது எழுதுவான், ஒரு வாரத்தில் எல்லாம் அடங்கிவிடும், இந்தக் கோட்டு உண்மையான கோட்டாகிவிடும், தாழ்வாரத்தில் இன்னொரு படம் ஏறும். அப்பா கரண்டி அடுக்கின வீட்டுக்காரர்களின் வரிசையில் டேவிட் பட்லர் மகன். யாருக்கு என்ன நஷ்டம்? நியாயப்படி தனக்கு வரவேண்டியதுதானே, திருடவா போகிறோம்? ஏன் தன்னை வேண்டாம் என்றார்கள் என்று காரணம் சொல்லப்போகிறார்களா, சொல்லமாட்டார்கள், கேட்கவும் கூடாது, அப்படிக் கேட்கக்கூடாத இடத்தில் எவன் இத்தனை வருஷம் உழைப்பான். ஆனால் நினைப்பு ஒரு இடத்தில் முள்ளில் துணி மாட்டின மாதிரி மாட்டிக்கொண்டது, எவ்வளவு இழுத்தாலும் வரமாட்டேன் என்றது. இரண்டு ஜெனரல்கள் போனில் பேசிக்கொண்டு, அரசாங்கம் எடுத்த முடிவு இப்படி இல்லை, அப்படி என்று தீர்த்துக்கொள்கிறார்கள். நல்லவர்கள்தான், சிநேகிதர்கள்தான், ஒருத்தனுக்காக ஒருத்தன் உயிரைக் கொடுப்பவர்கள்தான். ரேடியோ நிலையத்துக்கு டாங்கி அனுப்பின ஊர்களிலும் முதல்நாள் பேச்சு இப்படித்தான் நடந்திருக்கும். அங்கேயும் இரண்டு நல்லவர்கள்தான் பேசியிருப்பார்கள், அவர்களுக்கும் நியாயம் இருந்திருக்கும். இன்றைக்கு நியாயமான காரணத்துக்கு ஒருத்தன் 'முடியாது' என்பான், நாளைக்கு இன்னொருத்தன் வேறொரு காரணத்துக்குச் சொல்வான். முதல் 'முடியாது' யார் சொன்னது என்று கேட்டால், பால்துரை சொல்லச் சொன்னார் என்று வரும். எதிரே கண்ணாடியில் ஒரு நாலு நட்சத்திரக்காரன் போனைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். தளபதியாக இருந்தால் இந்த நேரத்தில் என்ன சொல்வாய் நீ? சொல்லு.

"கிர்பால், கேளு. வேணாம்னு சொல்லக்கூடாது."

"சார்..."

"மூத்தவன்னு சொன்னேல்ல? மூத்தவனாச் சொல்லுதேன், இதுதான் நான் உனக்குக் குடுக்கற கடைசி உத்தரவு. அரசாங்கம் சொன்னா நாம சரிங்கணும். அதுக்கு மேல நாம ரெண்டு பேரும் பேசறதுக்கு ஒண்ணும் கிடையாது. இப்பவே கூப்பிட்டுச் சரின்னு சொல்லிரு. சாயங்காலம் வரைக்கும் வெச்சுக்கிட்டு இருக்காத."

ரோஸ்லின் கோட்டுக் கையை விட்டுவிட்டாள். கட்டிலில் போய் உட்கார்ந்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்த முதுகைப் பார்த்ததும் அவருக்குப் போனைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்காரலாம் போலிருந்தது.

"நீ போயிடுவியா?" என்றான் கிர்பால். "ராஜினாமா எழுதுவியா? நீ போனா எல்லாரும் பேசுவாங்க சார். பட்டாளம் ரெண்டாப் போயிடும்."

போய்விடத்தான் நினைத்திருந்தார். அந்தக் காகிதத்தில் என்ன எழுதுவது என்பதுவரைக்கும் மனசு எழுதி வைத்திருந்தது. போனால் மரியாதை. இருந்தால், அன்றைக்குத் தன்னைத் தூக்கிச் சுமந்த இளையவனுக்கு ஒரு வருஷம் தினமும் சல்யூட் அடிக்கவேண்டும், சின்னப் பயல்கள் பார்த்து உச்சுக்கொட்டுவான்கள்.

"இருக்கேன். என் நாள் முடியறவரைக்கும் இருக்கேன். போதுமா?" என்றார். அப்புறம் நிமிர்ந்து நின்றுகொண்டு, "வாழ்த்துகள், சார்" என்றார்.

"சார், அப்படிப் பேசாதே. அடிச்சிருவேன்" என்றான் கிர்பால். அவன் அழுதுகொண்டிருந்தான்.

போனை வைத்தார். மஸ்தான் பாய் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். தலையைக் குனிந்தபடியே, "மாப்பு பண்ணுங்க சாப். நான் தைச்சுக் கொண்டாந்திருக்கக் கூடாது. எடுத்துட்டுப் போயி எல்லாத்தையும் பிரிச்சிடறேன்" என்றார்.

பால்துரை கோட்டை மெதுவாகக் கழற்றினார். பனியனோடு நின்றபோது குளிர்ந்தது. கோட்டைத் தூக்கிப் பிடித்து, காலரிலிருந்து தோள்வரைக்கும் விரலால் தடவிப் பார்த்தார். கச்சிதமான வேலை, ஒரு இடத்தில்கூடச் சுருக்கம் இல்லை.

"பாய், உள்ள எவ்வளவு துணி விட்டிருக்கீங்க?"

"ரெண்டு பக்கமும் நல்லாவே விட்டிருக்கேன் சாப். எதுக்கு?"

"அப்ப பட்டையைத் தொடாதீங்க. தோளை மட்டும் பிரிச்சு அகலமாக்குங்க, நெஞ்சுலயும் கொஞ்சம் விடுங்க. கிர்பால் என்னைவிட ஆள் பெருசு. அளவு நான் கேட்டு வாங்கித் தாரேன்."

ரோஸ்லின் சட்டென்று திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "உங்களுக்குப் புத்தி பிசகிப்போச்சா? இதையா? இதைப் போயா அவருக்குக் குடுப்பீங்க?"

"பின்னே, அவன் வீட்டம்மாவுக்கு அவசரம் தெரியாது. மாசக் கடைசியில தொளதொளன்னு நிப்பான்" என்று பால்துரை சிரிக்கப் பார்த்தார். "நல்ல துணி, ரோஸ்லின். வீணாக்..."

வாயைப் பொத்திக்கொண்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.